தோற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

2024 நவம்பர் 6ந் தேதி, புதன்கிழமை மாலை. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் டொனால்டு டிரம்ப் ஜெயித்துவிட்டார், கமலா ஹாரிஸ் தோற்றுவிட்டார் என்ற செய்தி நம் நாட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். மும்பையில் கல்யாண் போகும் லோக்கல் வண்டியில் நம்மவர்கள் இருவர் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மற்றவர் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞர்.

"கள்ள வோட்டு இல்லாம இவன் ஜெயிச்சிருக்க முடியுமா தம்பி? ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு" என்றார் பெரியவர்.

"அதெல்லாம் தோத்தவங்க சொல்ற பேச்சு அண்ணாச்சி. ஜனங்க தீர்ப்பு சொல்லியாச்சு. இனி நாலு வருஷம் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் இளைஞர்.

தாதரில் ஏறிய கூட்டம் இருவரையும் இரண்டு மூலைக்குத் தள்ளியது. அப்படியும் பேச்சு ஓயவில்லை. தாணே வரும்வரை நடந்தது.

இந்தச் சண்டை அந்த ஒரு பெட்டியோடு நின்றதல்ல. கமலா ஹாரிஸ் நம்மூர்ப் பேத்தி என்பதால் தமிழர்கள் பலர் அதைத் தம் வீட்டுத் தோல்வியாகவே எண்ணினார்கள். எதிர்ப்பக்கம் பேசியவர்களும் நம்மில் குறைவில்லை. தேர்தல் முடிந்து டிரம்ப் பதவியேற்று, அவருடைய உத்தரவுகள் ஒவ்வொன்றாக வந்த பிறகும் விவாதம் ஓயவில்லை. ஆகவே, அண்ணாச்சி சொன்னதையும் தம்பி சொன்னதையும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. இருவர் பேச்சிலும் ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு என்பது என் கருத்து.

இரண்டு கிராமங்கள்

திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரம் என்று ஒரு சிற்றூர். கமலா ஹாரிஸின் தாய் சியாமளாவின் தந்தை பி.வி.கோபாலனின் பூர்விக ஊர் அது. கோபாலன் சர்க்கார் உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர். அவ்வூர் தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பட்டியலில் கமலா ஹாரிஸின் பெயரும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. 2021 ஜனவரி 20ந் தேதி அவர் உப ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அந்த ஊர் பட்டாசு வெடித்துக் கொண்டாடியது. 2024 நவம்பரில் அவர் ஜனாதிபதியாக வேண்டும் என்று அதே கோயிலில் விசேஷ பூஜை நடந்தது. முடிவு தெரிந்ததும் ஊர் சோர்ந்து போயிற்று.

அதே நாளில் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து வட்லூரு என்ற கிராமம் மகிழ்ச்சி கொண்டாடியது. டிரம்ப்புடன் உப ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே.டி.வான்ஸின் மனைவி உஷாவின் முன்னோர் ஊர் அது.

காவிரிக் கரையிலே வருத்தம், கோதாவரிக் கரையிலே ஆனந்தம். இரண்டு ஊரிலும் அமெரிக்காவில் வோட்டு உள்ளவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சொந்தம் என்ற ஒன்றுதான் இந்த உணர்ச்சிக்குக் காரணம். அதில் தவறில்லை. நம் ஊர்ப் பையன் கிரிக்கெட் ஆடினால்கூட நாம் அப்படித்தான் பார்க்கிறோம். ஆனால் சொந்தக்காரர் தோற்றார் என்பதனாலேயே எண்ணிக்கை பொய் என்று சொல்ல ஆரம்பித்தால் அது வேறு விவகாரம்.

வோட்டுக் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஜனாதிபதியை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று இருக்கிறது. மொத்தம் 538 பேர். 270 பேர் ஆதரவு கிடைத்தவர் ஜனாதிபதி. மிகப் பெரும்பாலான மாநிலங்களில், ஒரு வோட்டு அதிகம் வாங்கியவருக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர் அத்தனை பேரும் போய்ச் சேருவார்கள். நம் சட்டசபைத் தேர்தலில் ஒரு கட்சி மொத்த வோட்டு அதிகம் வாங்கியும் தொகுதிகளில் குறைந்துபோவது உண்டல்லவா, அதைப் போன்றதுதான்.

2016ல் ஹிலாரி கிளிண்டன் சுமார் 6 கோடியே 58 லட்சம் வோட்டு வாங்கினார். டிரம்ப் வாங்கியது சுமார் 6 கோடியே 29 லட்சம். ஆனால் தேர்வாளர் எண்ணிக்கையில் டிரம்ப்புக்கு 304, ஹிலாரிக்கு 227. டிரம்ப் ஜனாதிபதியானார்.

2020ல் ஜோ பைடன் 8 கோடியே 12 லட்சம், டிரம்ப் 7 கோடியே 42 லட்சம். தேர்வாளர்கள் 306க்கு 232. பைடன் ஜனாதிபதியானார்.

2024ல் டிரம்ப் சுமார் 7 கோடியே 73 லட்சம், கமலா ஹாரிஸ் சுமார் 7 கோடியே 50 லட்சம். தேர்வாளர்கள் 312க்கு 226. இந்த முறை டிரம்ப்புக்கு மொத்த வோட்டும் அதிகம், தேர்வாளரும் அதிகம். போட்டி கடுமை என்று சொல்லப்பட்ட ஏழு மாநிலங்களும் அவர் பக்கமே சாய்ந்தன.

ஆனால் 2024 கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஐம்பது பேர்கூட டிரம்ப்புக்குப் போடவில்லை, 49.8 சதவீதம்தான். 48.3 சதவீதம் பேர் கமலா ஹாரிஸுக்குப் போட்டார்கள். ஜெயித்தது ஜெயித்ததுதான், சந்தேகமே இல்லை. அதற்காக, தேசம் முழுவதும் ஒரே குரலில் பேசிவிட்டது என்று சொன்னால் அது கணக்குக்குப் பொருந்தாது. ஏழரைக் கோடிப் பேர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "நாலு வருஷம் வாயைத் திறக்கக் கூடாது" என்ற தம்பியின் பேச்சு அந்த ஏழரைக் கோடிப் பேருக்கும் வாய்ப்பூட்டு போடுவதாகும்.

2016: தெருவுக்கு வந்த கோபம்

2016ல் தோற்ற பக்கம் என்ன செய்தது? தேர்தல் நவம்பர் 8ந் தேதி. மறுநாளே ஹிலாரி கிளிண்டன் தோல்வியை ஒப்புக்கொண்டார். மொத்த வோட்டில் 28 லட்சத்துக்கும் மேல் முன்னணியில் இருந்தும், சட்டப்படி கணக்கு வேறு என்பதால் ஒதுங்கினார்.

ஆனால் அவருக்கு வோட்டுப் போட்டவர்கள் அமைதியாக இருக்கவில்லை. இவர் எங்கள் ஜனாதிபதி அல்ல என்று கோஷம் எழுப்பி ஊர் ஊராக ஊர்வலம் போனார்கள். டிரம்ப் பதவியேற்ற மறுநாள், 2017 ஜனவரி 21ந் தேதி, பெண்கள் லட்சக்கணக்கில் பல நகரங்களில் திரண்டார்கள். தேர்வாளர்கள் மனம் மாறி வேறு ஒருவருக்குப் போட வேண்டும் என்று சிலர் கெஞ்சிப் பார்த்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் கணக்கை அங்கீகரிக்கும் நாளில் ஜனநாயகக் கட்சி அங்கத்தினர் சிலர் எழுந்து ஆட்சேபித்தார்கள். செனட்டர் ஒருவர்கூட கையெழுத்திடாததால் அந்த ஆட்சேபங்கள் செல்லாதவை என்று தள்ளியவர் யார் தெரியுமா? அன்று உப ஜனாதிபதியாகச் சபைக்குத் தலைமை வகித்த ஜோ பைடன். தம் கட்சிக்காரர்களின் வாயை அவரே அடைத்தார்.

ஊர்வலம் போனதில் தவறில்லை. வருத்தப்படுவதும் திட்டுவதும் குடிமகன் உரிமை. ஆனால் எண்ணி முடித்த வோட்டைத் தேர்வாளரைக் கொண்டு மாற்றப் பார்த்தது சரியல்ல. அது சிறு முயற்சிதான், வெற்றியும் பெறவில்லை. ஆனாலும் தவறு தவறுதான். நமக்குப் பிடித்த பக்கம் செய்தது என்பதற்காகப் பூசி மெழுகக் கூடாது.

2020: கணக்கையே மறுத்தவர்கள்

2020ல் நடந்தது சிறிய காரியமல்ல. தோற்ற டிரம்ப், தாம் தோற்கவே இல்லை என்றார். கோர்ட்டுக்குப் போனார்கள். போவதற்கு உரிமை உண்டு. அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள். அநேகமாக எல்லாமே தள்ளுபடி. டிரம்ப் நியமித்த நீதிபதிகளும் தள்ளினார்கள். அவருடைய அட்டர்னி ஜெனரலாக இருந்த வில்லியம் பார், முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு மோசடி எதுவும் காணப்படவில்லை என்று 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்.

ஜார்ஜியா மாநிலத்தின் கதையை மட்டும் சற்று விரிவாகப் பார்க்கலாம். அங்கே பதிவானவை சுமார் 50 லட்சம் வோட்டுகள். பைடன் 11,779 வோட்டில் முன்னணி. சந்தேகம் என்றார்கள், அத்தனை சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். பைடனே ஜெயித்தார். பிறகு மெஷினில் மறுபடியும் எண்ணினார்கள். அப்போதும் பைடன்தான். 2021 ஜனவரி 2ந் தேதி டிரம்ப் அம்மாநிலத் தேர்தல் அதிகாரியான பிராட் ராஃபென்ஸ்பெர்கரை டெலிபோனில் அழைத்து, தமக்கு 11,780 வோட்டு கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற முறையில் பேசினார். அதாவது, வித்தியாசத்தைவிட ஒன்று கூடுதல். ராஃபென்ஸ்பெர்கர் டிரம்ப்பின் கட்சியைச் சேர்ந்தவர். டிரம்ப்புக்கே வோட்டுப் போட்டவர். ஆயினும் கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். டிக்கெட் கட்டணம் அதிகம் என்று எனக்கு அபிப்பிராயம் இருக்கலாம். அதற்காகச் சங்கத்தில் தீர்மானம் போடலாம், கொடி பிடிக்கலாம். ஆனால் ஷிப்ட் முடியும்போது பெட்டியில் எவ்வளவு பணம் இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். பிடிக்காத கட்டணம் என்பதற்காக வசூல் தொகையை மாற்றி எழுத முடியுமா? பற்றாக்குறை வந்தால் கைப்பணத்தைப் போட்டுக் கட்டுகிறோம். அபிப்பிராயம் நம்முடையது. கணக்கு அப்படியல்ல, அது எல்லோருக்கும் பொது. ராஃபென்ஸ்பெர்கர் செய்தது கணக்குப் பிள்ளையின் வேலை. பெரிய வீரம் என்று பார்க்கத் தோன்றாது. ஆனால் அப்படி ஒரு கணக்குப் பிள்ளை அன்று இளகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்கு நாள் கழித்து, ஜனவரி 6ந் தேதி, கணக்கை அங்கீகரிக்கக் காங்கிரஸ் கூடியபோது, டிரம்ப்பின் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்துக்குள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். சுமார் 140 போலீஸார் காயமடைந்தனர். அங்கத்தினர்கள் ஓடி ஒளிந்தார்கள். உப ஜனாதிபதி மைக் பென்ஸ், தேர்வாளர் வோட்டுகளைத் தள்ளிவிட வேண்டும் என்ற டிரம்ப்பின் வற்புறுத்தலுக்கு இணங்கவில்லை. இரவே சபை மீண்டும் கூடியது. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்பாகக் கணக்கு முடிந்து பைடனின் வெற்றி அறிவிக்கப்பட்டது.

2024: மாறிய இடம், மாறிய பேச்சு

2024ல் பாத்திரங்கள் மாறின. வோட்டுப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே பிலடெல்பியாவில் பெரிய மோசடி நடக்கிறது என்று டிரம்ப் எழுதினார். நகர அதிகாரிகள் மறுத்தார்கள். முடிவு அவருக்குச் சாதகமாக வந்ததும் அந்தப் பேச்சு மறைந்தது. அதே பிலடெல்பியா, அதே வோட்டுப் பெட்டி. ஜெயித்தால் சுத்தம், தோற்றால் மோசடி என்றால், அது புகாராகாது; முன்ஜாமீன்.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. 2020ஐவிட இரண்டு கோடி வோட்டுகள் குறைகின்றன, அவை எங்கே போயின என்று கமலா ஹாரிஸின் ஆதரவாளர்கள் சிலர் முடிவு வந்த அன்றே கிளப்பிவிட்டார்கள். செல்போனில் அது நம் மும்பை வரை வந்தது. அண்ணாச்சியின் காதுக்கும் அதுதான் எட்டியிருக்க வேண்டும். உண்மை என்னவென்றால் கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலங்களில் எண்ணிக்கை அப்போது முடியவில்லை. எண்ணி முடிக்க வாரக்கணக்காயிற்று. எண்ணி முடித்தபோது "காணாமல் போன" வோட்டுகளில் மிகப் பெரும்பகுதி வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் வேட்பாளர் என்ன செய்தார்? நவம்பர் 6ந் தேதியே தோல்வியை ஒப்புக்கொண்டார். டிரம்ப்பைத் தொடர்புகொண்டு வாழ்த்தினார். முடிவை ஏற்கிறேன், போராட்டத்தை விடமாட்டேன் என்ற கருத்தில் பேசினார். 2025 ஜனவரி 6ந் தேதி, உப ஜனாதிபதி என்ற முறையில் காங்கிரஸ் கூட்டத்துக்குத் தலைமை வகித்து, தம்முடைய தோல்வியைத் தாமே வாசித்து அறிவித்தார். 2001 ஜனவரியில் அல் கோர் இதையே செய்தார். 2000ம் ஆண்டு தேர்தலில் அவர் மொத்த வோட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்கியும், புளோரிடா மாநிலத்தில் 537 வோட்டில் தோற்றதாக முடிவாயிற்று. சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் ஒரு பக்கம். அந்தத் தீர்ப்பைத் தாம் ஒப்பவில்லை, ஆனால் ஏற்கிறேன் என்று சொல்லி ஒதுங்கினார். ஒப்புவது வேறு, ஏற்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஜெயித்தவருக்கும் கடமை உண்டு. 2025 ஜனவரி 20ந் தேதி பதவியேற்ற அன்றே, 2021ல் காங்கிரஸ் கட்டடத்தில் புகுந்த வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். போலீஸாரை அடித்தவர்களும் அதில் சேர்த்தி. மன்னிப்பு வழங்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு உண்டு; மறுக்கவில்லை. ஆனால் கணக்கை மறுத்துக் கையை ஓங்கினாலும், பிறகு நம் ஆள் வந்தால் தப்பிக்கலாம் என்ற பாடத்தை அது கற்பித்துவிட்டது. இனி தோற்கப்போகிறவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

1969: நம் நாட்டில் நடந்தது

இதெல்லாம் அமெரிக்க விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். நம் நாட்டையே இரண்டாகப் பிளந்த ஜனாதிபதித் தேர்தல் ஒன்று உண்டு. அதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

1969 மே 3ந் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். காங்கிரஸ் கட்சி சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக நிறுத்தியது. உப ஜனாதிபதியாக இருந்த வி.வி.கிரி சுயேச்சையாக நின்றார். பிரதமர் இந்திரா காந்தி மனச்சாட்சிப்படி வோட்டுப் போடலாம் என்ற பேச்சை எடுத்தார். காமராஜர் முதலான மூத்த தலைவர்கள் ரெட்டி பக்கம். தி.மு.க. கிரி பக்கம். தமிழ்நாடும் இரண்டுபட்டு நின்றது.

குமாஸ்தாக்களுக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் கிரி அந்நியரல்ல. ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை வளர்த்தவர். 1954ல் வங்கி ஊழியர்களுக்குச் சாதகமான தீர்ப்பைச் சர்க்கார் திருத்தியதால் மத்திய தொழிலாளர் மந்திரி பதவியை ராஜினாமா செய்தவர். 1969 ஜூலை 19ந் தேதிதான் பதினான்கு வங்கிகள் தேசவுடைமையாயின. ஆகவே அந்தத் தேர்தலில் வோட்டு எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டுமே என்றாலும், ஆபீசிலும் ஒர்க்ஷாப்பிலும் சூடு பறந்தது.

முதல் எண்ணிக்கையில் யாருக்கும் மெஜாரிட்டி கிடைக்கவில்லை. இரண்டாவது விருப்ப வோட்டுகளைச் சேர்த்த பிறகு கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427 என்று முடிவாயிற்று. வித்தியாசம் 14,650தான். அதுவும் தலைகளின் எண்ணிக்கையல்ல; வோட்டுகளுக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பின் எண்ணிக்கை.

தோற்ற பக்கம் கொதித்தது. தேர்தல் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு வந்தது. ரெட்டியை இழிவுபடுத்தி ஒரு துண்டுப் பிரசுரம் விநியோகிக்கப்பட்டது என்பது முக்கியப் புகார். கிரி ஜனாதிபதியாக இருந்துகொண்டே நேரில் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். 1970ல் வழக்கு தள்ளுபடியாயிற்று. இதற்கிடையில் 1969 நவம்பரில் காங்கிரஸே இரண்டாக உடைந்தது.

கட்சி உடைந்தது, சட்டம் உடையவில்லை. கோபம் முழுவதும் கோர்ட்டிலும் மேடையிலும் வோட்டுப் பெட்டியிலும் தீர்ந்தது. ரெட்டி அனந்தப்பூருக்குப் போய் விவசாயம் பார்த்தார். 1977ல் அதே சஞ்சீவ ரெட்டி போட்டியின்றி ஜனாதிபதியானார். எட்டு வருஷம் பொறுத்தவருக்கு எட்டாத பதவி தானாக வந்தது. 1969ல் ஆத்திரத்தில் ஏடாகூடமாக ஏதாவது நடந்திருந்தால் 1977 என்று ஒன்று வந்திருக்குமா?

வதந்தி மட்டும் நம் நாட்டிலும் தவறவில்லை. 1971 பொதுத் தேர்தலில் இந்திரா காந்தி பெரு வெற்றி பெற்றதும், வோட்டுச் சீட்டில் ரஷ்ய ரசாயன மை தடவியிருந்தது, போட்ட முத்திரை மறைந்து வேறு முத்திரை தோன்றிவிட்டது என்று ஒரு புரளி கிளம்பிற்று. படித்தவர்களே நம்பினார்கள். வழக்கும் நடந்தது. சீட்டுகளைப் பரிசோதித்தார்கள், குற்றச்சாட்டு நிற்கவில்லை. அன்று மாய மை, இன்று மாயமான இரண்டு கோடி வோட்டு. தோல்வி வந்த வீட்டு வாசலில் இந்தப் புரளி எப்போதும் காத்திருக்கும்.

நமக்கு ஏன் இது முக்கியம்

பிற மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இதில் மற்றவர்களைவிட அக்கறை அதிகம் இருக்க வேண்டும். காரணம் எளிது. நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்த நாட்களில் நம் பெரியவர்கள் கடையை அடைத்துக்கொண்டு, குழந்தைகளை வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு இருந்ததை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கூட்டத்தின் பலத்தில் முடிவு செய்வது என்று வந்துவிட்டால் நம் பக்கம் கூட்டம் இருக்காது. நமக்கு உள்ள காவல் சட்டமும் ஒழுங்கான கணக்கும்தான். ஒருவனுக்கு ஒரு வோட்டு, எண்ணியது எண்ணியபடி என்ற நிலை இருக்கும்வரைதான் தாராவித் தமிழனின் சீட்டும் மலபார் ஹில் பணக்காரரின் சீட்டும் ஒரே மதிப்பு.

எதிர்ப்புக் குரலையும் நாம் விடக் கூடாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் பனியன் கம்பெனிகள் தவித்தன. அங்கே ஒரு தையல் மிஷின் நின்றால் ஒரு குடும்பத்தில் உலை நிற்கும். இதை எதிர்த்துப் பேசக் கூடாதா? அமெரிக்கக் குடிமக்கள் பலரே எதிர்த்துப் பேசினார்கள். ஜெயித்தவர் செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. அவர் ஜெயித்தார் என்பது மட்டும் சரி. அவ்வளவுதான்.

ஆகவே அண்ணாச்சிக்கு என் பதில் இது: டிரம்ப்பின் கொள்கை பிடிக்கவில்லை என்று நூறு தடவை சொல்லுங்கள், ஆதாரம் இல்லாமல் கள்ள வோட்டு என்று ஒரு தடவையும் சொல்லாதீர்கள். தம்பிக்கு என் பதில்: ஜனங்கள் தீர்ப்பு என்று சொல்வது சரி, தோற்றவனுக்கு வாய் கிடையாது என்று சொல்வது சரியல்ல. நாளை நீங்கள் தோற்ற பக்கம் நிற்பீர்கள். அப்போது உங்களுக்கும் வாய் வேண்டும்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

நம் நாட்டில் அதற்கும் வழி இருக்கிறது. வோட்டர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேர்தலுக்கு முன்பே பார்க்க வேண்டும். ஊரை விட்டு வந்த நம்மவர்களில் பலருக்கு ஊரிலும் பெயர் இல்லை, இங்கேயும் இல்லை. வோட்டே இல்லாதவர் முடிவைப் பற்றிச் சண்டை போட்டு என்ன பயன்? வோட்டுச் சாவடியில் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்தவர் வோட்டுப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தின் நகலை வாங்க வேண்டும். எத்தனை வோட்டு பதிவாயிற்று என்பது அதில் இருக்கும். எண்ணும் அன்று அதை வைத்துச் சரிபார்க்கலாம். அதற்கு மேலும் புகார் இருந்தால், முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் ஹைகோர்ட்டில் மனு போடலாம். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் டீக்கடையில் மட்டும் மோசடி என்று பேசுவது, மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போய், மறுநாள் வந்து குறைகிறது என்று கவுண்டரில் சண்டை போடுவதைப் போன்றது.

2024 டிசம்பரில் எங்கள் ரயில்வேயில் சங்க அங்கீகாரத் தேர்தல் ரகசிய வோட்டில் நடந்தது. முடிவு வந்த அன்று சிலர் இனிப்புக் கொடுத்தார்கள், சிலர் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். இரண்டு நாள் ஒருவரோடொருவர் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பக்கத்துக்காரரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி. அவருடைய இரவு டியூட்டியை மறுபக்கத்துக்காரர் பார்த்தார். சங்க விவகாரத்தில் இருவரும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றும் வாதாடுகிறார்கள். யாரும் எண்ணிக்கையை மட்டும் வாதத்துக்கு இழுப்பதில்லை.

துளசேந்திரபுரத்துக்காரர்கள் தங்கள் பேத்தியின் தோல்விக்காக வருந்தினார்கள். ஆனால் அவர்கள் பெருமைப்பட வேண்டிய நாள் ஒன்று அதற்குப் பிறகு வந்தது. 2025 ஜனவரி 6ந் தேதி, தாம் தோற்ற கணக்கைக் குரல் பிசகாமல் வாசித்து முடித்தாரே, அந்த நாள்தான் அது. அன்று பட்டாசு வெடித்திருந்தாலும் தகும்.